அரைப் பேரும் முழுப் பேரும்

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உறவினர் ஒருவரை வழியனுப்பும் பொருட்டு ஹட்டன் புகையிரத நிலையத்துக்குச் சென்றிருந்தோம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வண்டி தாமதமாகும் என்று அறிவித்தார்கள். மேடையில் நின்றவர்களிற் பாதிப்பேர் மாணவர்கள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா முதலிய பகுதிகளிலிருந்து பஸ் ஏறி வந்து, வார விடுமுறை முடிந்து பேராதனைக்கும் கொழும்புக்கும் திரும்புகிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பை. அதற்குள் வீட்டிற் சுட்ட ரொட்டியும் சம்பலும் இருக்கும் என்பதைத் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். 1884ஆம் ஆண்டில் இந்நிலையம் திறக்கப்பட்டபோது, தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் நோக்கமாயிருந்தது. பின்னாளில் அதே தண்டவாளம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையுமாயிற்று.

அங்கே நம்மிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தியைக் கண்டோம். பேராதனையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அருகே அவளுடைய தாயார், ஞாயிற்றுக்கிழமைக்கென எடுத்துவைத்த சேலையோடும் கொழுந்துக் கறை ஏறிய விரல்களோடும் நின்றுகொண்டிருந்தார். சுகம் விசாரித்தோம். தாயார் தேநீர் வாங்கிவரச் சென்ற வேளையில் அவள் மெல்லச் சொன்னாள்:

“சேர், விரிவுரையில இருந்தா வீட்டு நினைப்பு. வீட்டுக்கு வந்தா பரீட்சை நினைப்பு. கூட்டாளிமாரோட இருந்தா, நாளைக்கு என்ன வேலை கிடைக்கும்ங்கிற நினைப்பு. எதையுமே முழுசா செய்யிற மாதிரித் தெரியல.”

வண்டி வந்துவிட்டது. இரண்டொரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லி அனுப்பினோம். அந்த இரண்டொரு வார்த்தை போதாது என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் நம்மை உறுத்திக்கொண்டேயிருந்தது. அவள் கேட்டது அவளுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே மேடையில் இதே கேள்வியைச் சுமந்துகொண்டு நாமும் நின்றிருக்கிறோம். அன்று அதனைக் கேட்க நமக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு தோட்டத்துச் சொல்

தோட்டத்தில் வளராத வாசகர்களுக்கு ஒரு சொல்லை விளக்கவேண்டும். மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையிற் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், தோட்டம் விதித்த நிறைக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தாலோ, இடையில் வேலையை விட்டு வரநேர்ந்தாலோ ‘அரைப் பேர்’தான் விழும். சம்பளமும் பாதிதான். ஆனால் மலையேறிய களைப்பிற் பாதி குறைவதில்லை. அட்டை கடித்ததிலும் மழையில் நனைந்ததிலும் பாதி குறைவதில்லை. முழு நாளின் பாடுபட்டு அரை நாளின் கூலி பெறுவதே அரைப் பேரின் கொடுமை.

அந்த மாணவி தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதும் இதுவே. அவள் நாள் முழுவதும் ஓடுகிறாள். ஆனால் படிப்பிலும், உறவிலும், எதிர்காலத்தைப் பற்றிய சிந்தையிலும் அவளுக்கு அரைப் பேர்தான் விழுகிறது. இந்தச் சொல்லின் முழுப் பொருளையும் நாம் உணர்ந்தது நம் தாயாரின் சம்பளச் சிட்டை ஒன்றிலிருந்து. அந்தக் கதையை இதுவரை யாரிடமும் நாம் விரிவாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறோம்.

நாம் மாணவராயிருந்த காலம்

நாம் 1995ஆம் ஆண்டில் பேராதனைக்குச் சென்றோம். லயத்தில் ஒரு காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம். அனுமதி கிடைத்த செய்தி வந்த அன்று லயத்திலுள்ள எல்லாக் காம்பராக்களிலும் நமக்குத் தேநீர் கிடைத்தது. புறப்படும் நாளில் ஒருவர் பெட்டி தந்தார். ஒருவர் கம்பளி தந்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் நூறு ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாலாயிரம் அடிக்கு மேலுள்ள ஹட்டனிலிருந்து ஆயிரத்தைந்நூறு அடி அளவிலுள்ள பேராதனைக்கு வண்டி இறங்க இறங்க, குளிர் குறைந்துகொண்டே வந்தது. நெஞ்சின் பாரம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டில் கொழும்பில் நிறுவப்பட்டு, 1952ஆம் ஆண்டில் பேராதனைக்கு இடம்மாறிய வரலாறு வாசகர்கள் பலரும் அறிந்ததே. மகாவலி கங்கை வளைந்தோட, மலைச்சாரலிலே மரங்களுக்கிடையே அமைந்த அந்த வளாகம், மாணவர் தங்கிப் பயில்வதற்கென்றே திட்டமிடப்பட்டது. வகுப்பறையில் மட்டுமன்றி, விடுதியிலும், விளையாட்டு மைதானத்திலும், சங்கங்களிலும் கல்வி நடைபெறவேண்டும் என்பது அதனை அமைத்தோரின் கருத்து. அக்கருத்தை விளங்கிக்கொள்ளும் பக்குவம் நமக்கு அப்போது இருக்கவில்லை.

முதலாம் ஆண்டில் நாம் படிப்பைத் தவிர வேறொன்றையும் திரும்பிப் பாராதிருந்தோம். விரிவுரை மண்டபம், நூலகம், விடுதி என்ற மூன்று இடங்களே நம் உலகம். யாரேனும் ஊரைக் கேட்டால் “ஹட்டன்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வோம். தோட்டத்தின் பெயர் நாவில் வராது. லயத்தின் பிள்ளை என்று தெரிந்தால் தாழ்வாக நினைப்பார்களோ என்ற வீணான கூச்சம். அதனால் நண்பர்களைத் தேடவுமில்லை. தேடி வந்தவர்களை அண்டவிடவுமில்லை. விரிவுரை தமிழில் நடந்தாலும் துணைநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்து அறையிலிருந்த மூத்த மாணவரிடம் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். கேட்கவில்லை. முதலாண்டுப் பரீட்சையில் மட்டுமட்டாகத் தேறினோம். நூலகம் மூடும்வரை இருந்த நமக்கு, மாலையில் மைதானத்தில் நின்றவர்களைவிடக் குறைந்த புள்ளிகளே கிடைத்தன.

இரண்டாம் ஆண்டில் மனம் மறுபக்கம் சாய்ந்தது. படித்து என்ன கண்டோம் என்ற கசப்பில் சங்கக் கூட்டம், நாடக ஒத்திகை, விடுதி அரட்டை எனப் பொழுதைக் கழித்தோம். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் ஆலயத்துக்குக் கூட்டமாகச் சென்று, கூட்டமாகத் திரும்பி, நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்போம். அந்த நட்பெல்லாம் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதிலும் நாம் முழுதாக இருக்கவில்லை. சிரிக்கும்போதே உள்ளத்தின் ஒரு மூலையில், படியாத பாடங்கள் வரிசையில் நிற்கும். மறுநாள் விரிவுரையில் தூக்கம் வரும்.

இதற்கிடையே வீட்டை மறந்தோம். ஏழு மாதங்கள் ஹட்டன் பக்கம் போகவில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு வரச்சொல்லித் தம்பி கடிதம் எழுதினான். பரீட்சை என்று பதில் எழுதினோம். உண்மையில் அப்போது பரீட்சை எதுவும் இருக்கவில்லை.

சம்பளச் சிட்டை

ஏழு மாதங்களின் பின் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீடு சென்றோம். தாயார் சோறு போட்டார். வலக்கையை மடக்க முடியாமல் இடக்கையாற் பரிமாறியதைக் கண்டோம், கேட்டோம். “சும்மா பிடிப்பு” என்றார். காலையில் ஏதோ தேடும்போது தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சம்பளச் சிட்டைகள் கிடைத்தன. முந்திய மாதத்துச் சிட்டையில் பதினொரு அரைப் பேர். அதற்கு முந்திய மாதத்தில் ஒன்பது. கை வலியினாற் போதிய கொழுந்து எடுக்க முடியவில்லை. ஆயினும் நமக்கு மாதந்தோறும் வந்த பணத்தில் ஒரு சதமும் குறையவில்லை. வீட்டில் எது குறைந்தது என்பதைத் தம்பியின் காற்சட்டையைப் பார்த்தபோது தெரிந்துகொண்டோம்.

“ஏம்மா எழுதல?” என்று கேட்டோம்.

“நீ படிக்கிற புள்ள. ஒனக்கு இதெல்லாம் எதுக்கு எழுதணும்?” என்றார்.

அந்த வார்த்தைக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. அவர் வலியின் காரணமாக அரைப் பேர் வாங்கினார். அதை மறைத்து நமக்கு முழுப் பேர் அனுப்பினார். நாமோ கையும் காலும் சுகமாயிருந்தும் பல்கலைக்கழகத்தில் அரைப் பேர் வாங்கிக்கொண்டிருந்தோம். அன்று நாள் முழுவதும் இஸ்தோப்பிலேயே இருந்தோம். அழுதோம் என்று எழுத வெட்கமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது, புகையிரதத்தில் ஒரு தாளை எடுத்து நம் கிழமையை எழுதிப் பார்த்தோம். எத்தனை மணி நேரம் படித்தோம், எத்தனை மணி நேரம் நண்பர்களோடு இருந்தோம், எத்தனை மணி நேரம் கவலைப்பட்டோம் என்று ஒரு கணக்கு. மிக நீண்ட வரிசை கவலையினுடையதாயிருந்தது. படிப்பு நேரத்தையும் நட்பு நேரத்தையும் அரித்துத் தின்றது கவலையே. நேரம் போதாது என்று நாம் சொல்லிவந்தது பொய்யென்று அன்று விளங்கிற்று.

வேலை என்னும் சுமை

ஏனைய மாணவர்களுக்கும் எதிர்காலக் கவலை உண்டு. ஆனால் மலையகத்து மாணவருக்கு அது கூடுதலாக அழுத்துவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அத்திட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. பெரும்பாலும் ஓராசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்ற நிலையில் இருந்த அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டமக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அப்பிரச்சினை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான். இத்தனை வாயில்களும் அடைபட்டிருந்த காலத்தில், சிறிது திறந்திருந்த வாயில் ஆசிரியத் தொழில் ஒன்றே. ஆகவே, “படித்து முடித்து டீச்சராக வா” என்பது நம் தாய்மார் வாயில் ஆசீர்வாதமாகவே நிலைத்துவிட்டது.

அந்தத் தொழிலை நாம் குறைத்துப் பேசமாட்டோம், நாமே ஆசிரியர்தாம். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் 1960களில் ஆசிரியராயிருந்த இர. சிவலிங்கம் அவர்களைச் சூழ்ந்து ஒரு தலைமுறை இளைஞரே எழுந்ததை ஹட்டனில் மூத்தோர் அறிவர். வகுப்பில் பாடம் சொன்னவர், வகுப்புக்கு வெளியே இளைஞர்களை ஒன்றுதிரட்டித் தம் சமூகத்தைப் பற்றிச் சிந்திக்கவும் பேசவும் செய்தார். அவருக்குக் கல்வி, சமூகம், தொழில் என்ற மூன்றும் வெவ்வேறு திசையில் இழுக்கும் கயிறுகளாயிருக்கவில்லை.

அவருக்கும் முன்னே, பூண்டுலோயாவின் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களைப் பாருங்கள். கொழும்பு நாலந்தாக் கல்லூரி வரை சென்று படித்தார், ஆசிரியராயிருந்தார், தொழிற்சங்கத்தில் இறங்கினார், 1947ஆம் ஆண்டிற் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். ஆங்கிலத்திலும் தமிழிலும் தோட்டமக்களின் வாழ்வை எழுதினார். கொழுந்து மலையிலும் லயத்திலும் வழங்கிய நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். கற்ற ஆங்கிலம் அவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. மக்களின் குரலை அப்பாற் கொண்டுசெல்லும் கருவியாயிற்று.

பேராதனையிலேயே இன்னுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றில் ஆடியவர்கள் மாணவர்களே. ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்திற் கூத்தையே ஆராய்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். ஒத்திகை அவர் படிப்பைக் கெடுக்கவில்லை. அதுவே படிப்பும் தொழிலுமாக வளர்ந்தது. நாமும் நாடக ஒத்திகைக்குச் சென்றோம். நமக்கு அது பொழுதைக் கரைத்தது. செயல் ஒன்றே. அவர் அதில் முழுப் பேர் போட்டார். நாம் அரைப் பேர் போட்டோம்.

தாமதமான கடிதம்

சம்பளச் சிட்டையைக் கண்ட பிறகு நாம் ஓரளவு திருந்தினோம். மூத்த மாணவரிடம் வெட்கத்தை விட்டுச் சென்று ஆங்கிலப் பாடநூலை விளங்கிக்கொண்டோம். மாத்தளைப் பக்கத்துச் சிங்கள நண்பர் ஒருவருக்கு நாம் தமிழ் சொல்லிக்கொடுக்க, அவர் நமக்குச் சிங்களம் சொல்லித்தந்தார். மாலை ஐந்து மணி முதல் ஆறு மணிவரை, மகாவலிக் கரையிலே நடந்தபடி அந்தப் பாடம் நடக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் நட்பும் இருந்தது, கல்வியும் இருந்தது, பின்னாளில் அலுவலகங்களில் நிமிர்ந்து நின்று பேசும் துணிவும் அதிலிருந்தே வந்தது.

ஆனால் ஒரு கூச்சம் மட்டும் விடவில்லை. இறுதியாண்டில் வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினோம். லய வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரவேண்டும். இதை அறிந்த நண்பர் ஒருவர், “ஹட்டன் கடைவீதியில் என் மாமாவின் கடை இருக்கிறது. அந்த முகவரியைப் போடு. ஒரு கடிதமும் தவறாது” என்றார். பிறர் கடையின் பெயரைக் கடன் வாங்குவதா என்ற வறட்டுக் கௌரவத்தில் மறுத்துவிட்டோம். எழுத்துப் பரீட்சையில் தேறினோம். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம், அந்த நாள் கடந்து ஒன்பதாம் நாள் நம் கைக்கு வந்தது. யாரைக் குறைசொல்வது? கடிதம் எங்கே கிடந்தது என்று கேட்கவும் முடியவில்லை; கேட்டவர்களுக்குப் பதிலும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கடைக்குச் சென்றோம். முதலாளி நம்மை உட்காரவைத்துத் தேநீர் தந்து, “தம்பி, இந்த முகவரியில் பதினாலு பிள்ளைகளுக்குக் கடிதம் வருகிறது. நீ பதினைந்தாவது” என்று சொல்லிச் சிரித்தார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகரத்தில் கடிதங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நம் ஆசிரியர் நியமனக் கடிதம் அந்தத் தகரத்திலிருந்துதான் நமக்குக் கிடைத்தது.

அன்று ஓர் உண்மை புலனாயிற்று. நட்பையும் உறவையும் படிப்புக்கு இடையூறு என்று ஒதுக்குகிறோம். அல்லது படிப்பு முடிந்த பின் அனுபவிக்கவேண்டிய இன்பம் என்று ஒத்திவைக்கிறோம். ஆனால் நம்மைப் போன்றோருக்கு வழி திறப்பது பெரும்பாலும் மனிதரே. அறிமுகம் உள்ள குடும்பத்திற் பிறந்தவருக்கு மாமனும் சித்தப்பனும் சொல்லித்தரும் விஷயங்களை, முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்கு நண்பரும் மூத்த மாணவரும் ஊரவருமே சொல்லித்தரவேண்டும். அவர்களை ஒதுக்குகிறவர் தம் முகவரியையே ஒதுக்குகிறார்.

மாணவ நண்பர்களுக்கு

இன்றைய மாணவருக்குக் கைத்தொலைபேசி உண்டு; கடிதத்துக்காகக் காத்திருக்கும் தொல்லை குறைந்துவிட்டது. ஆயினும் பல தோட்டங்களில் தனி முகவரி இன்னும் இல்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினாற் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மலைமேடுகளில் ஏறி நின்று பாடம் கேட்ட பிள்ளைகளை நாம் கண்டோம். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாகவும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. விலைவாசி அதற்கு முன்னரே மலையேறிவிட்டது. ஆகவே சுமை மாறவில்லை. சுமக்கும் கூடையே மாறியிருக்கிறது. நம் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகளை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, மூன்று காரியங்களுக்கும் சம அளவு நேரம் பங்கிடவேண்டும் என்று வருந்தாதீர்கள். பரீட்சை மாதத்திற் படிப்புக்கு அதிகம் செல்லும். விடுமுறையில் வீட்டுக்கு அதிகம் செல்லும். அது இயல்பு. எந்த நேரத்தில் எதைச் செய்கிறீர்களோ அதில் முழுப் பேர் போடுங்கள். இரண்டு மணி நேரம் படிப்பதானால் கைத்தொலைபேசி வேறோர் அறையில் இருக்கட்டும். நண்பரோடு அமர்ந்தால் புத்தகத்தை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள். கவலைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவேண்டாம். கேளாமலே அது வந்து உட்காரும்.

இரண்டாவது, விளங்காததைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் நாலைந்து பேர் கூடிப் படியுங்கள். உங்களிற் பிறமொழி பேசும் ஒருவரும் இருக்கட்டும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கைவந்தவருக்கு இந்நாட்டில் எந்த அலுவலகக் கதவும் பாதியளவு திறந்தே இருக்கும்.

மூன்றாவது, தொழிலைப் பற்றி இறுதியாண்டில் திடுக்கிட்டு விழிக்காதீர்கள். முதலாண்டிலிருந்தே விடுமுறைதோறும் ஒரு தொழிலில் உள்ளவரைச் சந்தித்து, அவர் எப்படி அங்கு வந்தார் என்று கேட்டறியுங்கள். ஆசிரியராக விரும்புவோருக்குப் பத்தனையிலே ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தொழில் செய்துகொண்டே பட்டம் பெற விரும்புவோருக்கு 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கணக்கியல், சட்டம், தாதியம், தொழில்நுட்பம் என வழிகள் பல. ஒரு வாயிலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு, அது மூடினால் உலகமே மூடியதாகத் தோன்றும். இரண்டு வாயில்களையாவது அறிந்து வைத்திருங்கள்.

இன்னொன்று. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் வசதி குறைந்த மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் இடம் வழங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அந்த மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. இதனாற் கிடைத்த இடத்தைச் சிலர் ஏளனம் செய்வர். அதைக் கேட்டுச் சில மாணவர் குன்றிப்போவர். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து, மின்விளக்கு மங்கிய காம்பராவிலிருந்து ஏறி வந்தவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. ஊர் கேட்டால் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் இழந்த நண்பர்கள் எத்தனை பேரோ, யாரறிவார்?

நான்காவதும் கடைசியுமானது, வீடு. கிழமைக்கு ஒரு தடவையேனும் அம்மாவோடு பேசுங்கள். “சுகமா?” என்று கேட்டால் “சுகம்” என்றுதான் அவர் சொல்வார். அதோடு நிறுத்தாதீர்கள். “இந்த மாதம் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். தோட்டத்துத் தாய்மார் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லத் தயங்குவார்கள்.

சென்ற விடுமுறையில் அந்த மாணவி நம் வீட்டுக்கு வந்தாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னோம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து போகும்போது வாசலில் நின்று, “சேர், ஒங்க அம்மாவுக்குக் கை சரியாச்சா?” என்று கேட்டாள்.

சரியாகவில்லை. நாம் ஆசிரியரான பிறகுதான் தாயார் மலைக்குப் போவதை நிறுத்தினார். அந்த வலக்கை கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. ஆனால் நம் முதற் சம்பளத்தை அந்தக் கையில்தான் கொடுத்தோம். அவர் அதை எண்ணவில்லை. “எத்தனை பேரு?” என்று கேட்டார்.

“எல்லாம் முழுப் பேரும்மா” என்றோம்.